கண்ணும் காதும்: காப்பாற்றுவது வீட்டின் கையில்

நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் திருச்சியின் பொன்மலைக்கு இடம் மாறிய ரயில்வே பணிமனை, இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டு வருகிறது. பின்னர் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. இரும்பை அறுப்பது, தட்டுவது, பற்றவைப்பது என்று நாளெல்லாம் நடக்கும் வேலையில் முதலில் அடிபடுபவை கண்ணும் காதும்தான். மருத்துவர் சில நிமிடங்கள் பார்ப்பார். அதன் பிறகு நோயாளியை இரவுபகலாகப் பார்த்துக்கொள்வது செவிலியரும் வீட்டாரும். அந்தப் பராமரிப்பில் நேரும் சிறு தவறு பார்வையையே பறித்துவிடலாம்.

“காது கேக்குது, பேச்சுதான் புரியல”

இரைச்சலில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அடிக்கடி சொல்வது இது. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்களைப் பேரிரைச்சல் அழித்துவிடுகிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். உயிரொலி காதில் விழும், ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலி விழாது. அதனால்தான் கத்திப் பேசினாலும் அவருக்குப் புரிவதில்லை.

தோளை லேசாகத் தொட்டு அழையுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். மருந்து வேளைகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, “எப்போ சாப்பிடணும், சொல்லுங்கப்பா” என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். செவித்திறன் சோதனைக்குப் பிறகு பொருத்தும் காது கருவி பலருக்குப் பேச்சை மீட்டுத் தரும்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் தினமும் 8 மணி நேரம் நின்றால் நாளடைவில் காது பாதிக்கப்படும். இயர் பிளக் போடாமல் உள்ளே போகாதீர்கள்.

வெல்டிங் அடித்த கண்

வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். பகலில் ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நள்ளிரவில், மணல் அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தி நீர் கொட்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்குத் துண்டு எதையும் கண்ணில் வைக்க வேண்டாம். விளக்கை அணைத்துக் கண்ணை மூடி ஓய்வெடுத்து, காலையில் மருத்துவரைப் பாருங்கள். வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி கெடும்.

சுத்தியல் அடிக்கும்போது தெறித்த இரும்புச் சில் இன்னும் ஆபத்தானது. அதிக வலி இல்லாமலே அது கண்ணுக்குள் நுழைந்துவிடும். உள்ளேயே துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். கண்ணைத் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். சுத்தமான காகிதக் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டி, உடனே கிளம்புங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் இதற்கு நேர்மாறு: முதல் வேலை தண்ணீர்தான். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் ஓடும் நீரில் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

சொட்டு மருந்து விடும் முறை

புரை அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு இதுதான் முக்கியமான பராமரிப்பு. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அவரை மேலே பார்க்கச் சொல்லிக் கீழ் இமையை மெல்ல இழுத்தால் சிறு பை போலக் குழி தெரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ ரெப்பை முடியிலோ படக்கூடாது. கண்ணை மெல்ல மூடச் சொல்லுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி விடுங்கள். களிம்பு இருந்தால் அது கடைசி.

இரவில் கண்ணுக்குக் கவசம் மாட்டுங்கள். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். குடம் தூக்கக் கூடாது. வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ, சிவந்து பீளை வந்தாலோ மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள்.

இரு கண்ணிலும் பார்வை குறைந்தவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிப் பேசுங்கள். சொம்பும் செருப்பும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

காதுக்குள் எண்ணெய் வேண்டாம்

சீழ் வடியும் காதில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். சூடான எண்ணெய் ஊற்றினால் நோய் முற்றும். தீக்குச்சி, ஊக்கு, பட்ஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. மருத்துவர் தந்த சொட்டு மருந்தை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடு ஏற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த மருந்து தலைசுற்றலைக் கிளப்பும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாகவும், 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்து மருந்து விட்டு, சில நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

காது அறுவைக்குப் பிறகு மூக்கை வேகமாகச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முகம் ஒருபக்கம் கோணினாலோ, கடும் தலைசுற்றல் வந்தாலோ அவசரம். ஒரே நாளில் ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே காட்டினால் மீளும் வாய்ப்பு அதிகம்.

எங்கே போவது

ரயில்வே குடும்பங்களுக்குப் பொன்மலையிலேயே ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களுக்குப் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. 1934 முதல் திருச்சியில் இயங்கிவரும் ஜோசப் கண் மருத்துவமனையும் உண்டு. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. பிறந்த குழந்தை சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்ற சந்தேகம் வந்தால் ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை செய்யுங்கள். 6 வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது.

குடும்பத்தில் ஒருவராவது சொட்டு மருந்து விடும் முறையைச் செவிலியரின் முன்னால் செய்து காட்டி, சரி என்று கேட்டுக்கொண்ட பிறகே நோயாளியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.