தனித்தேர்வரின் விடைத்தாளை யார் திருத்துவது?

தேர்வுகளின் உலகம் – 9

மே மாதம் பிறந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. தேர்வுக் காய்ச்சல். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, அதற்குத் தேர்வும் எழுதும் ஏற்பாடு இது. 1950-களின் நடுவில் தொடங்கிய இதைக் காலேஜ் போர்டு நடத்துகிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 4 அல்லது 5 வாங்கியவருக்கு, பல கல்லூரிகள் முதலாண்டுப் பாடம் ஒன்றிலிருந்து விலக்கு அளிக்கின்றன.

இந்தத் தேர்வை எழுத, ஏ.பி. வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளியில் அந்தப் பாடம் இல்லாதவர்களும், பள்ளிக்கே போகாமல் வீட்டில் படிப்பவர்களும் எழுதலாம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், தனித்தேர்வர்கள். தேர்வு நடத்தும் பள்ளி ஒன்றைத் தேடிப்பிடித்து, முந்தைய இலையுதிர் காலத்திலேயே பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

அமெரிக்க வரலாற்றுத் தாளை எடுத்துக்கொள்வோம். பாடம் 1491-இல் தொடங்குகிறது. கொலம்பஸ் வந்தது 1492. அதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகளிலிருந்து கதை ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஓராண்டு. அங்கிருந்து இன்றுவரை ஒன்பது காலகட்டங்கள். படிக்க நூல்களுக்குப் பஞ்சமில்லை: ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூலும், வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து எழுதிய ‘தி அமெரிக்கன் யாப்’ நூலும் இணையத்தில் இலவசம்.

சிக்கல் வாசிப்பில் இல்லை, எழுத்தில்.

தேர்வு மூன்றே கால் மணி நேரம். 55 கொள்குறி வினாக்களுக்கு 40 விழுக்காடு. மீதி 60 விழுக்காடும் எழுதித்தான் வாங்க வேண்டும்: குறுவிடைகளுக்கு 20, ஆவணக் கட்டுரைக்கு 25, நெடுங்கட்டுரைக்கு 15.

தனித்தேர்வர்களைத் திணறடிப்பது ஆவணக் கட்டுரைதான். ஏழு ஆவணங்கள், ஒரு கேள்வி, ஒரு மணி நேரம். 1865 முதல் 1910 வரை உலக அரங்கில் அமெரிக்காவின் பங்கு விரிந்ததற்கான காரணங்களில் எது முக்கியம் என்று 2018-இல் கேட்டார்கள். அலாஸ்காவை வாங்கியது 1867, ஸ்பெயினுடன் போர் 1898 என்று ஆண்டுகளை அடுக்கினால் போதாது. வணிகமா, கடற்படையா, மதப் பரப்புரையா என்று ஒரு நிலைப்பாடு எடுத்து, ஆவணங்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஆவணத்தில் இல்லாத செய்தி ஒன்றையும் சேர்க்க வேண்டும். எழுதியவர் யார், எந்த நோக்கத்தில் எழுதினார் என்பதையும் அலச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி, மொத்தம் ஏழு.

வகுப்பில் இருப்பவருக்கு, புள்ளி எங்கே போனது என்று ஆசிரியர் காட்டுவார். தனியே படிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் பழைய வினாக்கள், மதிப்பீட்டு விதிகள், மாணவர்கள் எழுதிய உண்மையான விடைகள், அவற்றுக்குக் கிடைத்த புள்ளிகளின் விளக்கம் எல்லாவற்றையும் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிடுகிறது. கடிகாரத்தை வைத்து எழுதி, விதியை வைத்துத் திருத்தி, அந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025 முதல் தேர்வு கணினியில் என்பதால், தட்டச்சு செய்தே பழகுவது நல்லது.

ஒன்பது காலகட்டங்களையும் முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தால் ஏப்ரல் வந்துவிடும். இந்தத் தாளைத் தனியே எழுத நினைப்பவர்கள், இரண்டாவது காலகட்டம் முடிந்ததுமே முதல் கட்டுரையை எழுதித் திருத்திப் பாருங்கள்.

(தொடரும்)