விசைக்குப் பொருள் தருவது யார்?

மந்தின் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் இன்று பிள்ளைகள் கணினியில் விளையாடுகிறார்கள். அவர்களுடைய இடக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று விரல்கள் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளின்மேல் இருக்கும். முன்னே போக, பின்னே வர, இருபுறமும் நகர அவைதாம். வலக்கையில் சுட்டி. ஆனால் பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவனாக இருந்தால்? சுட்டி இடக்கைக்குப் போய்விடும். வலக்கை பலகையின் குறுக்கே நீண்டு தடுமாறும். இவனுக்கு விளையாட வராது என்று கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்கள். குறை அவன் கையில் இல்லை. விசைகளை வகுத்த முறையில் இருக்கிறது.

விசையின்மேல் அச்சிட்ட எழுத்தைக் கணினி பார்ப்பதே இல்லை. அழுத்தினால் அந்த விசைக்குரிய எண் ஒன்று உள்ளே போகிறது. விட்டால், விட்டதற்கான குறிப்பு போகிறது. அவ்வளவுதான். அந்த எண்ணுக்குக் குதி என்று பொருளா, ஓடு என்று பொருளா என்பதை விளையாட்டுக்குள் இருக்கும் ஓர் அட்டவணை முடிவு செய்கிறது. பல விளையாட்டுகளில் அமைப்புப் பகுதியைத் திறந்து, வேண்டிய ஆணையைத் தேர்ந்து, விரும்பிய விசையை ஒருமுறை அழுத்தினால் போதும், அட்டவணையில் அந்த வரி மாறிவிடும். நம் இடக்கைப் பிள்ளை அந்த நான்கு ஆணைகளையும் வலப்பக்கத்து அம்புக்குறி விசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே விசையில் இரண்டு ஆணைகள் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில விளையாட்டுகள் எச்சரிக்கும். சில பழைய ஆணையைச் சொல்லாமலே நீக்கிவிடும்.

தமிழ் எழுதுவதும் இப்படி ஓர் அட்டவணையால்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907இல் மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது, விசையும் எழுத்தும் இரும்பால் பிணைந்திருந்தன. 247 எழுத்துகளுக்குத் தனித்தனி விசை வைக்க முடியுமா? புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே வந்து விழும். நல்ல உபாயம். ஆனால் வாங்கியவர் விசையை இடம் மாற்ற வழியில்லை.

கணினியில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 1999இல் தமிழ்நாடு அரசு தமிழ் 99 என்னும் விசை அமைப்பை ஏற்றது. அதில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. மந்தின் என்று எழுத ம, ந, த, இ, ன, புள்ளி என ஆறு தட்டு. ந-வை அடுத்துத் த வந்தால் ந-வின் புள்ளியை அட்டவணையே இட்டுவிடும். கடைசி ன-வுக்கு மட்டும் நாம் இடவேண்டும்.