மத்லேனின் கூனும் மயாரின் பழுப்பும்

நல்ல மத்லேனுக்கு முதுகில் கூன் இருக்க வேண்டும். அடிப்பக்கம் சிப்பி போல வரிவரியாகவும் மேல்பக்கம் நடுவில் புடைத்தும் நிற்கும் இந்தச் சின்னப் பிரெஞ்சு கேக், தட்டையாக வந்தாலும் ருசியில் பெரிய குறை இருக்காது. ஆனாலும் வீட்டில் சுட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கூனுக்காகத்தான் மெனக்கெடுகிறார்கள். அதை வரவழைப்பது கைராசி அல்ல, வெப்ப இயற்பியல்.

மத்லேனின் சொந்த ஊர் வடகிழக்குப் பிரான்சின் லொரேன் பகுதியில் உள்ள கொமெர்சி. 1755ல் லொரேன் கோமகன் ஸ்தனிஸ்லாஸின் விருந்தில் மத்லேன் என்ற பணிப்பெண் இதைச் சுட்டுக் கொடுத்தாள், அவள் பெயரையே கோமகன் கேக்குக்கு வைத்தார் என்பது ஊர்க்கதை. ஸ்தனிஸ்லாஸ் போலந்து அரியணையை இழந்து வந்தவர், பதினைந்தாம் லூயி மன்னரின் மாமனார், சாப்பாட்டுப் பிரியர். அதனால் கதை அவர்மேல் கச்சிதமாகப் பொருந்துகிறது. கொஞ்சம் அளவுக்கு மீறிக் கச்சிதமாக.

அதே லொரேனின் நான்சி நகரில் விசிட்டேஷன் சபைக் கன்னியர்கள் முட்டை வெள்ளைக்கருவையும் பாதாமையும் வைத்து ஒரு கேக் செய்துவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் பங்குச்சந்தைக்கு அருகே கடை வைத்திருந்த லான் என்ற கேக்காரர் அதைத் தங்கக்கட்டி வடிவ அச்சில் வார்த்து, ஃபினான்சியே என்று விற்றார் என்பார்கள். கையில் பிசுக்கு ஒட்டாமல் சாப்பிட்டுவிட்டுத் தரகர்கள் வேலைக்குத் திரும்பலாம்.

லொரேனின் மூன்றாவது பிள்ளை கேக் செய்தவரல்ல. நான்சிக்குச் சற்று வடக்கே பொன்தாமூசோன் என்ற ஊரில் 1878ல் பிறந்த லூயி கமில் மயார், மருத்துவம் படித்த வேதியியலாளர். புரதங்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அமினோ அமிலத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துச் சூடாக்கியபோது கரைசல் பழுப்பாக மாறுவதைக் கண்டு 1912ல் அறிவித்தார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை, கேக்கின் ஓரம் ஆகியவற்றின் நிறமும் மணமும் பெரும்பாலும் இந்த வினையிலிருந்து வருகின்றன. அதன் படிநிலைகளை ஒழுங்காக வரைந்து காட்டியது 1953ல் ஜான் ஹாட்ஜ் என்ற அமெரிக்க வேதியியலாளர்.

சர்க்கரை நோயாளிகள் செய்துகொள்ளும் எச்பிஏ1சி சோதனை அளப்பதும் இந்த வினையின் முதல் படியைத்தான். ஓவனில் நிமிடங்களில் நடப்பது, 37 டிகிரி உடல் சூட்டில் வாரக்கணக்கில் மெல்ல நடந்து, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு குளுக்கோஸை ஒட்டவைக்கிறது. இனிப்புக் கட்டுரைக்கு நடுவே இது கொஞ்சம் பொருத்தமில்லாத நினைவூட்டல்தான்.

இந்தக் கேக்குகளை ஏன் சின்னதாகவே சுடுகிறார்கள்? மயார் வினை வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி சூடு வேண்டும். ஈரம் இருக்கும்வரை கேக்கின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. எனவே பழுப்பும் மணமும் மேற்பரப்புக்கு மட்டுமே சொந்தம். 20 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள வட்டக் கேக்கில், ஒவ்வொரு கன செ.மீ. கேக்குக்கும் 0.6 சதுர செ.மீ. மேற்பரப்பு உண்டு. 8 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் உள்ள ஃபினான்சியேயில் அது 1.75. கிட்டத்தட்ட மூன்று மடங்கு மொறுமொறுப்பு! கிரீமும் ஐசிங்கும் இல்லாமலே இவை மணப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வெண்ணெய். ஃபினான்சியேக்கு வெண்ணெயைப் பழுப்பாகும்வரை உருக்கிச் சேர்க்க வேண்டும். வெண்ணெயில் 80 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், ஓரிரு சதவீதம் பால் புரதமும் லாக்டோஸும். அடுப்பில் வைத்ததும் கேட்கும் சடசடப்பு, தண்ணீர் கொதித்து வெளியேறும் சத்தம். அது ஓடும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சத்தம் அடங்கி, மெல்லிய நுரை பொங்கி வரும்போது கண்ணை எடுக்கக் கூடாது. அடியில் தங்கிய பால் துகள்கள் பொன்னிறமாகி, சில நொடிகளில் பழுப்பாகி, இன்னும் சில நொடிகளில் கருகிவிடும். கறுப்பு நான்ஸ்டிக் சட்டியில் நிறம் தெரியாது, எவர்சில்வர் பாத்திரமே நல்லது. பழுப்பு கண்டதும் வேறொரு ஆறின பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். 100 கிராம் வெண்ணெய் 80 கிராம் சொச்சமாகக் குறைந்திருக்கும்.

வெண்ணெய் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இந்தச் சத்தமும் மணமும் புதிதல்ல. நெய் காய்ச்சுவதும் இதே வேலைதான். வித்தியாசம் கடைசியில். நாம் கசண்டை வடித்து நெய்யை எடுத்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் கசண்டோடு சேர்த்து மாவில் ஊற்றுகிறார்கள். மயார் வினையின் விளைச்சலில் பெரும்பங்கு அந்தக் கசண்டில்தான் கிடக்கிறது. ஆகவே வடித்த நெய்யை ஊற்றி ஃபினான்சியே சுட்டால் அந்தக் கொட்டை வறுத்த மணம் அரைகுறையாகத்தான் வரும். உப்பில்லாத வெண்ணெயாக வாங்குங்கள்.

மற்றதெல்லாம் எளிது. நான்கு முட்டையின் வெள்ளைக்கரு, 130 கிராம் ஐசிங் சர்க்கரை, 60 கிராம் பாதாம் மாவு, 50 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெயைப் பழுப்பாக்கியது. வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்க வேண்டியதில்லை, கலந்தால் போதும். முட்டையின் வெள்ளைக்கரு காரத்தன்மை கொண்டது. மயார் வினைக்கு அது தோதான சூழல். பாதாம் மாவில் குளூட்டன் கிடையாது, பாதி எடை கொழுப்பு. அதனால்தான் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போதே உள்ளே ஈரம் காக்கிறது.

இனி கூன். இரண்டு முட்டை, சர்க்கரை, மைதா, உருக்கிய வெண்ணெய் மூன்றும் 100 கிராம் வீதம், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், எலுமிச்சைத் தோல் துருவல். கலந்த மாவைச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு இரவு, ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். வெண்ணெய் இறுகி மாவு கெட்டிப்படும். 220 டிகிரிக்குக் காய்ந்த ஓவனில் அச்சை வைத்து, கூன் எழத் தொடங்கியதும் 180க்குக் குறைக்க வேண்டும்.

ஓவன் கண்ணாடி வழியே பார்த்தால் நடப்பது தெரியும். சிப்பி அச்சு ஓரத்தில் ஆழமில்லாதது, நடுவில் குழிந்தது. ஓரத்து மாவில் சூடு சட்டென்று ஏறி, முட்டைப் புரதம் உறைந்து, ஒரு வளையமாகக் கெட்டிப்படுகிறது. நடுவில் குளிர்ந்த மாவு இன்னும் ஈரக் குளமாகவே நிற்கிறது. அதற்குள் சூடு போய்ச் சேரும்போது பேக்கிங் பவுடரின் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் விரிகின்றன. பக்கவாட்டில் வழியில்லை, மேலே மட்டும்தான் திறப்பு. குளம் அப்படியே எழும்பிக் கூனாகிறது. மாவின் குளிர்ச்சிக்கும் ஓவனின் சூட்டுக்கும் இடைவெளி கூடக் கூட, ஓரம் உறைவதற்கும் நடு உறைவதற்கும் இடையே அவகாசமும் கூடுகிறது.

இங்கே 1755 கதைக்கு ஒரு சிக்கல். பேக்கிங் பவுடரை ஆல்ஃபிரட் பேர்ட் இங்கிலாந்தில் உருவாக்கியது 1843ல்தான். ஸ்தனிஸ்லாஸ் நிஜமாகவே மத்லேன் சாப்பிட்டிருந்தாலும், அதில் இருந்த கூன் முட்டையை அடித்துச் சேர்த்த காற்றின் வேலையாகவே இருந்திருக்க வேண்டும். இன்றைய அளவுக்கு அது எழும்பியிருக்குமா என்பது சந்தேகமே. டீயில் தோய்த்த மத்லேனை உலகப் புகழ் பெறவைத்த மார்செல் புரூஸ்ட்டின் நாவல் 1913ல் வந்தது, மயாரின் அறிவிப்புக்கு அடுத்த ஆண்டு. அந்த மணத்தின் வேதியியலும் இலக்கியமும் ஒரே சமயத்தில் அச்சேறியது தற்செயல்தான்.

பொர்தோ நகரத்துக் கனெலே இவர்களின் தென்மேற்குத் தூரத்து உறவு. ரம்மும் வெனிலாவும் சேர்ந்த பால் மாவைச் செம்பு அச்சில் தேன்மெழுகு பூசி ஒரு மணி நேரம் வரை சுடுவார்கள். செம்பு வெப்பத்தைக் கடத்தும் வேகம் எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல். அதனால் வெளியே ஏறக்குறையக் கறுத்து, உள்ளே கஸ்டர்டாகவே நிற்கும். அச்சுகளின் விலை கையைக் கடிக்கும் என்பதால் வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மத்லேனுக்கும் ஃபினான்சியேக்கும் சாதாரண உலோக அச்சே போதும். கடைகளில் வண்ணவண்ணமாகத் தொங்கும் சிலிகோன் அச்சை வாங்காதீர்கள். ரப்பர் வகையான அது வெப்பத்தை மந்தமாகவே கடத்தும், ஓரம் வெளிறிப்போகும். இருக்கிற காசில் ஓவனுக்குள் வைக்கும் ஒரு வெப்பமானி வாங்குங்கள். சின்ன ஓடிஜியின் குமிழில் எழுதியிருக்கும் டிகிரியும் உள்ளே இருக்கும் டிகிரியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை.

மிச்சம் வைத்தால் மறுநாள் மொறுமொறுப்பு போய்விடும். உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு நகர்ந்து அதை நமத்துப்போகச் செய்துவிடும். சின்ன கேக்கில் அந்தத் தூரம் மிகக் குறைவு. ஆனால் சுடாத மாவு ஃபிரிஜ்ஜில் இரண்டு நாள் தாங்கும். பேக்கிங் பவுடரில் பெரும்பாலானவை ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயுவை விட்டு, மீதியைச் சூடு ஏறும்வரை பிடித்து வைத்திருப்பவை. அதனால் ஆள் வந்த பிறகு வேண்டிய அளவுக்கு மட்டும், ஆறு ஆறாகச் சுட்டுக்கொள்ளலாம்.