உங்களுக்குத் தெரியுமா? டாங்கிகளை விரட்டிய டொயோட்டா!

1987இல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டைக்கு ‘டொயோட்டா போர்’ என்றே பெயர். கடாஃபியின் லிபியாவிடம் சோவியத் டாங்கிகளும் போர் விமானங்களும் குவிந்து கிடந்தன. ஏழை நாடான சாடின் பலமோ டொயோட்டா பிக்கப் வண்டிகள். அவற்றின் முதுகில் பிரான்ஸ் கொடுத்த மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள்.

மணல்வெளியில் சீறிப் பாய்ந்த அந்த வண்டிகளைக் குறிபார்க்க டாங்கிகளால் முடியவில்லை. ஜனவரி 2 அன்று ஃபடாவில் மட்டும் லிபியா 90க்கும் மேற்பட்ட டாங்கிகளையும் 700க்கும் மேற்பட்ட வீரர்களையும் இழந்ததாகக் கணக்கு. சாட் தரப்பில் மாண்டவர்கள் 20 பேருக்கும் குறைவு! மார்ச்சில் வாடி தூம் விமானதளமும் விழுந்தது. தெற்கே பிரெஞ்சு விமானப்படையின் காவல் இருந்தது உண்மைதான். ஆனால் வடக்கின் தரைப்போரில் வென்றது, அந்தப் பாலைவனத்தை உள்ளங்கைபோல் அறிந்த சாட் வீரர்களின் துணிச்சலே.

இரு நாடுகளும் உரிமை கோரிய அவுசூ நிலப்பகுதி சாடுக்கே சொந்தம் என்று 1994இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் லிபியப் படை அங்கிருந்து வெளியேறியது.