உஷார்! கயிறு கட்டி நாளைக் கடத்தாதீர்கள்

லீவுக்கு வந்த பையன் பத்து நாளாகக் குளிக்கவில்லை. செல்போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறான். புழுக்கத்திலும் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஃபேன் சத்தத்துக்குள் யாரோ திட்டுகிறார்களாம். அம்மா போட்ட சோற்றை மோந்து பார்த்துத் தள்ளுகிறான். இதில் இரண்டு உங்கள் வீட்டில் நடந்தாலும் உஷாராகிவிடுங்கள்.

இது திமிர் அல்ல, காத்து கருப்பும் அல்ல. சைக்கோசிஸ் என்னும் மனநோயின் முதல் தாக்குதலாக இருக்கலாம். பெரும்பாலும் 15 வயதுக்கு மேல், 30-க்குள் தலைகாட்டும் நோய். சிதம்பரம் அண்ணாமலை நகர் மாணவர் விடுதிகளில் இருப்பது அந்த வயதுப் பிள்ளைகள்தான். கஞ்சாவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நாம் என்ன செய்கிறோம்? முதலில் மந்திரித்த கயிறு. அப்புறம் ஜாதகம். அப்புறம், "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தக் கடைசிதான். வைத்தியம் பார்க்க வேண்டிய நேரத்தில், ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் மாட்டிவிடுகிறோம். கோயிலுக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு மாட்டிக்கொண்டு 28 பேர் மாண்டார்களே, அவர்களும் குணமாகட்டும் என்று கொண்டுபோய் விடப்பட்டவர்கள்தான்.

முதல் தாக்குதலிலேயே பிடித்துவிட வேண்டும் என்பதற்காகவே 1990-களில் மெல்போர்னை மையமாக வைத்து ஐ.இ.பி.ஏ. என்ற உலக மருத்துவர் அமைப்பு உருவானது. நம்மூர் சங்கதியும் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, கனடாவின் மாண்ட்ரியல் மருத்துவர்களோடு சேர்ந்து இரு ஊர் நோயாளிகளையும் ஒப்பிட்டது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் சென்னையில்தான் குறைவு. குடும்பம் கூடவே வந்து உட்கார்ந்ததும் இங்கேதான் அதிகம்.

டாக்டர் தரும் மாத்திரையைப் பார்த்து "அது வெறும் தூக்க மாத்திரை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரத்துக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். நடுராத்திரியில் பையன் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறானா? மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.