கம்ப்யூட்டர் ஏன் இரையுது? அதை எப்படி அமைதியாக்குறது?

(கேட்பதற்குப் பதிலாக வாசிக்க விரும்புகிறவர்களுக்காக, இந்த எபிசோடைச் சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம் இது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் சத்தம் போடுதுன்னு பொத்தாம் பொதுவா சொல்லிடுறோம். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள சத்தம் போடக்கூடிய ஆளுங்க நாலே பேர்தான். ஃபேன், ஹார்ட் டிஸ்க், மின்சாரம் ஓடுற காயில், அப்புறம் இந்த மூணு பேரோட அதிர்வையும் வாங்கிப் பெருசாக்கிக் காட்டுற தகரப்பெட்டி. இதுல யார் சத்தம் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்காமலே காசு செலவு பண்றதுதான் நிறைய வீட்ல நடக்குது. இன்னைக்கு முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம், அப்புறம் அடக்குவோம்.

நான் பேசுறது தேவாரத்துல இருந்து. தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஊர்ல இருந்தே ஆன்லைன் வேலை பாக்குற எங்களுக்கு இது சொகுசுப் பிரச்சினை இல்லை. எனக்கு ராத்திரி ஷிஃப்ட். வீடு ஒரே ஹால். என் டேபிளுக்கும் அம்மா பாய் விரிச்சுப் படுக்குற இடத்துக்கும் நடுவுல எட்டடி இருந்தா அதிகம். அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போறவங்க. விடியறதுக்கு முன்னாடி ஜீப் வந்துடும், நாலு மணிக்கு எந்திரிக்கணும். கம்ப்யூட்டர் இரைஞ்சா அவங்க தூக்கம் போச்சு. தூக்கம் கெட்ட உடம்போட மலைச்சரிவுல நின்னு வேலை பாக்கணும். அதை அணைச்சா என் சம்பளம் போச்சு. அதனால, கம்ப்யூட்டர் ஓடணும், ஆனா ஓடுறது தெரியக்கூடாது.

சத்தம் எங்க பிறக்குது?

கம்ப்யூட்டர் இழுக்குற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில சூடாத்தான் வெளிய வருது. 100 வாட் இழுத்தா, பெட்டிக்குள்ள பழைய 100 வாட் குண்டு பல்பு எரியற மாதிரி. அந்தச் சூட்டை வெளிய தள்ளத்தான் ஃபேன். அப்ப சத்தத்துக்கு மூலக் காரணம் சூடுதான், ஃபேன் அதோட வாய். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துது.

ஃபேன் ரெண்டு விதமா சத்தம் போடும். ஒண்ணு காத்துச் சத்தம். நிமிஷத்துக்கு 1200 சுத்துன்னா நொடிக்கு 20 சுத்து. இறக்கை 7 இருந்தா, 20 பெருக்கல் 7, அதாவது 140 ஹெர்ட்ஸ்ல ஒரு 'ம்ம்ம்' வரும். அது மேலயே, காத்து கம்பி வலையில மோதி உடையற 'ஷ்ஷ்ஷ்'. இன்னொண்ணு பேரிங் சத்தம். எண்ணெய் காஞ்சு தேஞ்சு போனா 'கரகர'ன்னு அரைக்கும்.

இங்க ஒரு நல்ல கணக்கு இருக்கு. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்து பாதியாத்தான் குறையுது. ஆனா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையுது. 10 டெசிபல் குறைஞ்சாலே நம்ம காதுக்குப் பாதிச் சத்தமாத் தெரியும். அதே சமயம், ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் ஓடினா ஒண்ணு ஓடுறதை விட 3 டெசிபல்தான் கூடும். இதுல இருந்து என்ன தெரியுது? வேகமா ஓடுற ஒரு ஃபேனை விட, மெதுவா ஓடுற ரெண்டு ஃபேன் நல்லது. சின்ன ஃபேனை விடப் பெரிய ஃபேன் நல்லது. 80 மில்லிமீட்டர் ஃபேன் தலைதெறிக்க ஓடித் தள்ளுற காத்தை, 120 மில்லிமீட்டர் ஃபேன் நிதானமா ஓடியே தள்ளிடும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுத்துது. அதனால 120 ஹெர்ட்ஸ்ல ஒரு ரீங்காரம். எங்களுக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். அவர் பாட்டுல பேஸ் கிட்டார் நடமாடுற இடத்துலயே இந்த ரீங்காரமும் வந்து உக்காந்துக்கும். பாட்டு கேக்கும்போது பேஸ் குழம்புதேன்னு தோணினா, ஸ்பீக்கரைத் திட்டுறதுக்கு முன்னாடி டிஸ்கைக் கவனிங்க.

மூணாவது காயில். கிராஃபிக்ஸ் கார்டுலயும் பவர் சப்ளையிலயும் இருக்குற செம்புச் சுருள், மின்சாரம் ஏறி இறங்கும்போது நுணுக்கமா அதிரும். 'கீ...'ன்னு ஊசி மாதிரி கேக்கும். கேம் மெனுவைத் திறந்தா ஏறும், பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணா மாறும். காதுக்கு எரிச்சல்தான், ஆனா பொதுவா ஆபத்து கிடையாது.

ஆளைப் பிடிக்கிறது எப்படி?

ஒரு பேப்பரைக் குழல் மாதிரி சுருட்டுங்க. ஒரு முனையைக் காதுல வச்சு, இன்னொரு முனையைப் பெட்டியோட ஒவ்வொரு மூலையிலயும் காட்டிப் பாருங்க. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரிதான். எந்த இடத்துல சத்தம் கூடுதுன்னு சட்டுனு தெரிஞ்சுடும். பெட்டி திறந்திருந்தா குழலை இறக்கைக்குப் பக்கத்துல கொண்டு போகாதீங்க.

அடுத்து, பெட்டி மேல உள்ளங்கையை வச்சு லேசா அழுத்துங்க. சத்தம் குறைஞ்சா, தகரம்தான் அதிருது. ஸ்க்ரூவை இறுக்கினாலே பாதி போயிடும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அமைதி, வேலை குடுத்தா இரைச்சல்னா, அது சூடு, அதனால ஃபேன். வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒரே மாதிரி ரீங்காரம்னா, டிஸ்க்கைச் சந்தேகப்படுங்க. கம்ப்யூட்டரை அணைச்ச பிறகும் சத்தம் வந்தா, அது பக்கத்துல இருக்குற யுபிஎஸ்ஸா இருக்கலாம்.

எனக்கு ஒரு கடையில, "பழைய மாடல்மா, கேஸோட சேத்து பவர் சப்ளையையும் மாத்திடுங்க"ன்னு சொன்னாங்க. பேப்பர் குழல் வச்சுப் பாத்தா, பின்பக்கம் இருந்த ஒரே ஒரு ஃபேனோட பேரிங். அதை மட்டும் மாத்தினதுல சில நூறு ரூபாயோட வேலை முடிஞ்சுது.

எங்க பள்ளத்தாக்கோட தூசி

தமிழ்நாட்டுல காத்தாலைக்கு ஏத்த கணவாய்கள்னு சொல்லும்போது, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோட கம்பம் கணவாயையும் சேத்துச் சொல்வாங்க. ஆனி, ஆடியில மேக்க இருந்து இறங்குற காத்து செம்மண்ணை அள்ளிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். அது போய் உக்காருற இடம், சிபியு மேல இருக்குற அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல. அந்த இடுக்கு அடைச்சா சூடு வெளியேறாது, ஃபேன் இன்னும் வேகமா ஓடும், இன்னும் தூசியை இழுக்கும். சென்னையில ரோட்டோரம் வீடு இருக்குறவங்களுக்கும் இதே கதைதான்.

அதனால முதல் வைத்தியம், சுத்தம் பண்றது. பிளக்கை உருவுங்க. பெட்டியை வாசலுக்குக் கொண்டு போங்க. பெயின்ட் பிரஷ்ஷாலயும் புளோயராலயும் தூசியை எடுங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கணும். காத்து வேகத்துல தாறுமாறா சுத்தினா பேரிங் கெட்டுடும். ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளையைப் பிரிக்கவே வேண்டாம். பிளக்கை உருவின பிறகும் அதுக்குள்ள இருக்குற கபாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும்.

காசில்லாம முடியற வேலைகள்

ஒண்ணு, இடம். மேஜையோட மூடின அறைக்குள்ள கம்ப்யூட்டரை வைக்காதீங்க. வெளிய தள்ளின சூடான காத்தையே திரும்ப இழுத்துக்கும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு சாண் இடம் விடுங்க. மேஜை மேல இருந்தா கீழ இறக்குங்க, காதை விட்டுத் தள்ளிப்போகும். ஆனா தரையில வேண்டாம், தூசி. சின்ன ஸ்டூல் போதும். ஸ்டூலுக்கும் பெட்டிக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்க. அதிர்வு கட்டைக்கு இறங்காது.

ரெண்டு, ஃபேனோட வேகத் திட்டம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸுக்குள்ள போனா, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேகம்னு ஒரு கோடு இருக்கும். 55 டிகிரி வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதுக்கு மேல படிப்படியா ஏத்தி, 85-ல முழு வேகம்னு வைக்கலாம். வேகம் மாற சில நொடி தாமதம் குடுக்குற வசதியும் நிறைய போர்டுல உண்டு. அதை அவசியம் போடுங்க. தூங்குறவங்களை எழுப்புறது தொடர்ச்சியான சத்தத்தை விட, திடீர்னு ஏறி இறங்குற சத்தம்தான். நாலு பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம், மூணு பின் ஃபேனுக்கு டிசின்னு சரியாத் தேர்ந்தெடுக்கணும், இல்லாட்டி வேகம் குறையாமப் போகலாம்.

மூணு, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல ப்ராசஸரோட அதிகபட்ச நிலையை 100-ல இருந்து 99 ஆக்குங்க. பெரும்பாலான கம்ப்யூட்டர்ல டர்போ வேகம் நின்னுடும், சூடு நல்லாக் குறையும். டைப் பண்றது, கால் பேசுறதுக்கு வித்தியாசமே தெரியாது. கேம் ஆடுறவங்க ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வைங்க. சூடும் குறையும், காயில் கீச்சும் குறையும்.

கொஞ்சம் காசு செலவாகுறது

சிபியுவுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல இருக்குற தெர்மல் பேஸ்ட் வருஷக்கணக்குல காஞ்சு போகும். பழசைத் துடைச்சுட்டு, பட்டாணி அளவு புதுசு வச்சா போதும். அடுத்து, தேஞ்ச ஃபேனுக்குப் பதிலா 120 மில்லிமீட்டர் ஃபேன். மூணாவது, ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி. அதுல சுத்துற பாகமே கிடையாது, அதனால அந்த ரீங்காரம் அடியோட போயிடும். கைவசம் காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா, எது சத்தம் போடுதோ அதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க.

ஃபோம் ஒட்டலாமா?

நிறைய பேர் கேக்குற கேள்வி. எங்க ஊர்ப் பக்கத்துல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். பொட்டிப்புரம் மலையில நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. அந்தத் திட்டத்துக்கு இங்க கடுமையான எதிர்ப்பும் உண்டு. அது சரியா தப்பாங்குறது தனி எபிசோட். நமக்கு வேண்டியது ஒரே விஷயம், ஏன் மலைக்குள்ள? வானத்துல இருந்து கொட்டுற காஸ்மிக் கதிர் அந்தக் கருவிக்கு இரைச்சல். வானத்தை அணைக்க முடியாது. அதனால ஒரு கிலோமீட்டர் பாறையைத் தடுப்பா வைக்கணும்.

நம்ம நிலைமை அப்படி இல்லை. நம்ம இரைச்சலோட ஊத்து மேஜைக்குக் கீழயே இருக்கு, அதை நம்மால குறைக்க முடியும். குறைக்காம ஃபோம் ஒட்டினா, மெல்லிசான ஃபோம் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும், 'ம்ம்ம்'-ஐ ஒண்ணும் பண்ணாது. காத்து போற வழியையும் மறைச்சா சூடு ஏறி ஃபேன் வேகமாகும். தடுப்பு எப்பவும் கடைசி வழிதான்.

நம்ம சட்டத்துல, 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10-ல இருந்து காலை 6 மணி வரைக்கும் வரம்பு 45 டெசிபல். அது தெருவுக்கு. பாய்ல படுத்திருக்குறவங்களுக்கு அதைவிட நிறையவே குறையணும். எங்க வீட்ல இதையெல்லாம் முடிச்ச அன்னைக்கு ராத்திரி அம்மா கண்ணைத் திறந்து, "என்னடி, இன்னைக்கு வேலை இல்லையா?"ன்னு கேட்டாங்க. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் எந்த மீட்டரும் வைக்கலை, அந்தக் கேள்வியே போதும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. எல்லாச் சத்தத்தையும் அடக்கப் பாக்காதீங்க, சிலது சேதி சொல்லுது. ஹார்ட் டிஸ்க் 'டக்... டக்... டக்'னு விட்டு விட்டுத் தட்டினா, அது சாகப்போகுதுன்னு அர்த்தம். உடனே கல்யாண ஃபோட்டோ, சர்ட்டிஃபிகேட், வேலை ஃபைல் எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். எப்பவும் இரையற ஃபேன் திடீர்னு அமைதியானாலும் சந்தோஷப்படாதீங்க. நின்னு போயிருக்கலாம். சூட்டை ஒருமுறை பாத்துடுங்க.

உங்க கம்ப்யூட்டர் எந்த மாதிரி சத்தம் போடுதுன்னு ஃபோன்ல பத்து நொடி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அதுல சிலதைக் கேட்டு, ஆள் யாருன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்தே கண்டுபிடிப்போம்.