கூறிட்டு மொழிதல்

சிங்கப்பூரின் வடகரையில் ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்த ஊர் செம்பவாங். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் உலர்துறை திறக்கப்பெற்றது 1938-இல். பின்னர் 1968 ஜனவரியில், தன் படைகளை 1971 இறுதிக்குள் விலக்கிக்கொள்வதாகப் பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. அவ்வாண்டிலேயே தளத்தின் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறை என்னும் நிறுவனமாயிற்று.

இதனை மாணவர் சொற்போருக்குத் தலைப்பாக்கினால் எவ்வாறு அமைப்பர்? “தளம் நீங்கியது செம்பவாங் தமிழர்க்கு ஆக்கமா? அழிவா?” என்றே அமைப்பர். ஓரணி கண்ணீர் வடிக்கும். மற்றோரணி கைதட்டு வாங்கும். நடுவர் ஒரு பக்கம் சாய்வார். கேட்க இனிதுதான். ஆயினும் அவ்வூரில் வாழ்ந்தவர் வரலாறு அவ்விரு சொல்லுள் எதனிலும் அடங்காது.

சீத்தலைச் சாத்தனார் இவ்விடர்ப்பாட்டை நன்கறிந்தவர். மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் வாயிலாக விடை நான்கென வகுக்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது கெடுமோ என்றால், கெடும் என்று துணிந்து சொல்லிவிடலாம். செத்தவன் மீண்டும் பிறப்பானோ என்றால் அவ்வாறு சொல்லல் ஆகாது. அவன் பற்றற்றவனா, பற்றுடையவனா என்று பிரித்த பின்னரே விடை பிறக்கும். இதுவே கூறிட்டு மொழிதல். வினாவைக் கேட்டவன் ஒன்றாகக் கட்டிவைத்ததை விடை கூறுவோன் அவிழ்த்துக் காட்டுகிறான்.

செம்பவாங் வினாவையும் இவ்வாறே அவிழ்த்தல் வேண்டும். ஆக்கமோ அழிவோ, எத்தமிழர்க்கு? குடியுரிமையும் கைத்தொழிலும் உடையார் பலர் கப்பல் பட்டறையிலேயே தொடர முடிந்தது. குடியுரிமை இல்லாதார்க்கோ வேலை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அவருட் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். அங்ஙனம் திரும்பியவருள்ளும் முதுமையில் சொந்த மண்ணை விரும்பிச் சென்றவர் வேறு, வேறு வழியின்றிச் சென்றவர் வேறு. ஒரே வீட்டில் தந்தை ஒரு கூற்றிலும் மகன் மறு கூற்றிலும் அமைதல் கூடும்.

எண்ணம் தெளிந்த பின்னும் அதற்கேற்ற சொல் எளிதில் வாய்ப்பதில்லை. “எல்லாரும் வேலை இழக்கவில்லை” என்று மாணவன் எழுதுகிறான் எனக் கொள்வோம். ஒருவரும் இழக்கவில்லை என்பதா? சிலர் இழந்தனர், சிலர் இழக்கவில்லை என்பதா? முற்றும்மை எதிர்மறையோடு சேருங்கால் எச்சப்பொருளும் தரும் எனத் தொல்காப்பியர் இடையியலில் குறித்தது இதனையே. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிவிடும். ஏட்டில் குரல் இல்லை. ஆதலின் “வேலை இழந்தவர் சிலரே” என்றோ “பலர்” என்றோ மாணவன் அளவைச் சுட்டியாக வேண்டும். அளவைச் சுட்ட முயலும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதே அவனுக்குப் புலனாகும். திருத்தும் ஆசிரியர் இவ்விடத்தில் சிவப்பு மையைச் சற்றுத் தாராளமாகச் செலவிடலாம்.

ஆயினும் தமிழில் கருவிக்குப் பஞ்சமில்லை. உம்மை ஒன்றற்கே எட்டுப் பொருள். “ஊர் திரும்பினும் திரும்புவர்” என்னும்போது ஐயம் நிற்கிறது. “திரும்பி வருதற்கும் உரியர்” என்னும்போது வாராமையும் உடன் தோன்றுகிறது. “முழு நன்மையும் அன்று, முழுத் தீமையும் அன்று” என இரண்டையும் விலக்குங்கால் மூன்றாவதொன்று தெரிநிலையாய்ப் புலப்படுகிறது. இவற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவன், தன் கட்டுரையில் ஒன்றையேனும் கையாள்வதில்லை. “மிகவும்”, “முற்றிலும்”, “என்றென்றும்” என்பவையே அவன் கைக்கு எளிதில் வருகின்றன. மேடைப்பேச்சு தந்த பழக்கம் இது.

கூறிட்டு மொழிதலுக்கும் எல்லை உண்டு. பிரித்துக்கொண்டே போய் விடையே கூறாது நழுவுவோர் உளர்; அவர்க்கு இவ்விலக்கணம் துணையாகாது. பிரித்த ஒவ்வொரு கூற்றிற்கும் தனித்தனியே துணிந்து சொல்லல் வேண்டும். அனுமதிச் சீட்டுக் கிட்டாத தொழிலாளிக்கு அது இழப்பே. அங்கே “ஒருவகையில்” என்னும் சொல்லுக்கு இடமில்லை.

தளம் நீங்காதிருந்தால் செம்பவாங் தமிழர் எவ்வாறு வாழ்ந்திருப்பர் என்று கேட்பாரும் உளர். ஆகாயப்பூ பழையதோ புதியதோ எனக் கேட்டவனுக்கு மணிமேகலை வகுத்த விடை வாய்வாளாமை. இவர்க்கும் அதுவே விடை.